கரும்பலகையில் நான் எழுதிய எண்



சற்று நீளமான பதிவு. மதியம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். கணினி இயங்குதளத்துக்குப் பூட்டு வந்த வரலாற்றைச் சொல்லப் போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு தவறும் வரும். அதை உங்கள் கண்முன்தான் செய்தேன் என்பதால் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் என் மடிக்கணினி நின்றுபோனது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி, வேறொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஒரு செய்தி. இயங்குதளத்தை ஆக்டிவேட் செய்ய வேண்டுமாம். வாங்கும்போதே காசு கொடுத்ததுதானே, மறுபடி என்ன என்று கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஐந்நூறு ரூபா குடுங்க சார், அந்த எழுத்தே வராமப் பண்ணிடுறேன்" என்றார் கடைக்காரத் தம்பி.

"பில் தருவீங்களா?"

"இதுக்கெல்லாம் யாரு சார் பில் கேக்குறாங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்நூறு ரூபாய்க்காக அல்ல. 2001-இல் நம் பள்ளியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்ததுதான் காரணம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

1950, 60களில் கணினி என்பது ஓர் அறையையே அடைக்கும் இயந்திரம். அதை வாங்கினால், அல்லது வாடகைக்கு எடுத்தால், மென்பொருள் பெரும்பாலும் கூடவே வரும். மாடு வாங்கினால் மூக்கணாங்கயிறு கூடவே வருவது போல. கயிற்றுக்குத் தனி விலை யாரும் கேட்பதில்லை. ஒரு நிறுவனத்தார் எழுதிய நிரலை இன்னொரு நிறுவனத்தார் வாங்கிப் பயன்படுத்துவதும் சகஜம். 1969 ஜூன் மாதம் ஐபிஎம் நிறுவனம், இனிமேல் மென்பொருள்களுக்குத் தனியாக விலை வைக்கப்போவதாக அறிவித்தது. கயிறும் சரக்கானது அன்றிலிருந்துதான்.

1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற சின்னக் கணினி வந்தது. தனி மனிதர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடியது. அதற்கு பேசிக் என்ற நிரல் மொழியை எழுதிக் கொடுத்தவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரண்டு இளைஞர்கள். அந்த மென்பொருள் துளையிட்ட காகித நாடாவில் வந்தது. அதன் ஒரு நாடா கலிபோர்னியாவில் கணினி ஆர்வலர்கள் கையில் சிக்கியது. அவர்கள் நகல் எடுத்தார்கள், நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்துப் போகிறவர் இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பேசிக்கொண்டதாகவும் சொல்வார்கள். அவர்கள் யாரும் தங்களைத் திருடர்கள் என்று நினைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் உறைமோர் கொடுத்து வாங்குவது போலத்தான் நினைத்தார்கள்.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, இருபது வயது பில் கேட்ஸ் அந்த ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். இதை உருவாக்கப் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு மட்டும் 40,000 டாலருக்கு மேல். கிடைத்த தொகையைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று நேரடியாகவே எழுதினார். பலருக்குக் கோபம் வந்தது. இன்று படிக்கும்போது அதில் கொஞ்சம் திமிர் தெரிகிறதுதான். ஆனால் உழைத்தவனின் ஆதங்கமும் தெரிகிறது. ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது: கூலி இல்லாவிட்டால் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

அந்தக் கேள்விக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கண்டுபிடித்த பதில், ஒவ்வொரு ஆளிடமும் வசூலிப்பதைவிடக் கணினி செய்கிறவரிடமே வசூலித்துவிடுவது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்கான டாஸ் இயங்குதளத்தைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். மற்ற கணினித் தயாரிப்பாளர்களுக்கும் அதை விற்கும் உரிமையைக் கைவிடாமல் வைத்துக்கொண்டது. பிறகு தயாரிப்பாளர் அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் கட்டும் ஒப்பந்த முறைகூட இருந்தது. 1994-இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்ட பிறகுதான் அது நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் வாங்குவது மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. பஸ் பாஸ் மாதிரி. பாஸ் நம் சட்டைப்பையில் இருக்கும், காசும் நாம்தான் கட்டியிருப்போம். ஆனால் அடுத்தவரிடம் கொடுத்து அனுப்ப முடியாது. இதைத்தான் லைசன்ஸ், உரிமம் என்கிறோம்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. கடையில் வாங்கும் சிடி உறையில் ஓர் எண் ஒட்டியிருக்கும். முதலில் மூன்று இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு ஏழு இலக்கம். நிறுவும்போது அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எண் சரியா என்று கணினி எப்படிப் பார்த்தது தெரியுமா? கணக்கு வாத்தியாருக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கடைசி ஏழு இலக்கங்களைக் கூட்டும். கூட்டுத்தொகை 7-ஆல் வகுபட்டால் உள்ளே விடும். முதல் மூன்று இலக்கத்தில் 333, 444 போன்ற சில எண்கள் மட்டும் கூடாது. அதனால் 111 போட்டு, பின்னால் ஏழு தடவை 1 போட்டாலும் கதவு திறந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திறக்கக்கூடிய பூட்டு. வீட்டு வாசலில் கொக்கி மாட்டுவது போல, திருடனைத் தடுக்க அல்ல. ஆள் இருக்கிறது என்று காட்ட.

இப்போது என் கதை.

2001-இல் ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட நான்கு கணினிகள் நம் பள்ளிக்கு நன்கொடையாக வந்தன. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீல நிற உறை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். நான்கிலும் உள்ளே ஒன்றும் இல்லை. கூடவே வந்தது ஒரே ஒரு சிடி. இயங்குதளத்தை எப்படி ஏற்றுவது என்று நானே ஒருவரிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று, சிடி உறையில் இருந்த எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு குழுவாக நின்று தட்டச்சு செய்தீர்கள்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சார், ஒரு சிடிக்கு ஒரு நம்பர்தானே? நாலுலயும் அதையே போடலாமா?"

சரியான கேள்வி. நான் சொன்ன பதில் இது: "பள்ளிக்கூடத்துக்குத்தானேப்பா, பரவாயில்ல. உக்காரு."

அதே வாரம்தான் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதற்காக இரண்டு பேரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருந்தேன்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். விண்டோஸ் 98-இல் கீ 25 எழுத்து ஆனது. அதில் குழப்பம் வரக்கூடாது என்று 0, 1, 5 போன்ற எண்களையும் ஓ, ஐ, எஸ் போன்ற ஆங்கில எழுத்துகளையும் விட்டுவிட்டு, மொத்தம் 24 குறிகளை மட்டும் வைத்தார்கள். கணக்கும் கடினமானது. இனி யாரும் ஊகித்துப் போட முடியாது. ஆனால் அந்தக் கணினி தனக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளும், வெளியே யாரையும் கேட்காது. எனவே ஒரே கீ நூறு கணினிக்கும் ஓடியது.

2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பிதான் இதை மாற்றியது. ஆக்டிவேஷன் என்ற சொல் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான். நம் பள்ளிப் பதிவேட்டில் 'அங்க அடையாளம்' என்று இரண்டு மச்சம் எழுதுவோமே, அதேபோல் எக்ஸ்பி உங்கள் கணினியில் பத்து அடையாளம் குறித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க், பிராசஸர், மெமரி அளவு, நெட்வொர்க் கார்டு, சிடி டிரைவ் என்று. அவற்றைச் சுருக்கி ஓர் எண்ணாக்கி, கீயுடன் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பும். 30 நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால் உள்ளே போக முடியாது. ஒன்றிரண்டு பாகம் மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல பாகங்கள் மாறினால் இது வேறு கணினி என்று முடிவு கட்டிவிடும்.

இணையம் இல்லாதவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். திரையில் தெரியும் 50 இலக்க எண்ணைச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும் 42 இலக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் ஏற்காது.

இதில் ஒரு வேடிக்கை. ஆயிரக்கணக்கில் கணினி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படிச் செய்துகொண்டிருக்க முடியாது என்று, ஆக்டிவேஷனே கேட்காத தனி கீ கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு கீ, எக்ஸ்பி கடைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பே வெளியே கசிந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. ஆக, திருட்டு நகல் வைத்திருந்தவர் எந்தத் தொலைபேசியும் எடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் 50 இலக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் அந்தக் கீயைத் தடுத்தது. அதற்குள் வேறு வழிகள் வந்துவிட்டன.

பூட்டு இன்னும் இறுகியது. 2005 ஜூலை முதல், நிறுவனத்தின் தளத்திலிருந்து கூடுதல் மென்பொருள்களை இறக்கிக்கொள்ள, உங்கள் நகல் உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எல்லாருக்கும் விட்டுவைத்தார்கள். அது நல்ல காரியம். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா, குறித்த நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால், ஒரு மணி நேரம் இணையம் பார்க்க மட்டும் விட்டு வெளியே தள்ளிவிடும். எதிர்ப்பு வலுத்தது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக்கில் அதைக் கைவிட்டு, எச்சரிக்கைச் செய்தியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த 2007-இல்தான் நான் முக்கியமாக நினைக்கும் சம்பவம் நடந்தது. ஆகஸ்ட் 24 அன்று, உண்மை நகலா என்று சரிபார்க்கும் சர்வர்களில், இன்னும் தயாராகாத மென்பொருளை ஊழியர்கள் தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். சுமார் 19 மணி நேரம், முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளுக்குக்கூட 'உங்களுடையது உண்மையானது அல்ல' என்ற பதில் போனது. விஸ்டாவில் சில வசதிகளும் நின்றுபோயின. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்று நிறுவனம் சொன்னது. தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. உலகக் கணக்கில் சின்ன எண்தான். ஆனால் நினைத்துப் பாருங்கள். பரீட்சை ஹாலில் தானாக எழுதிய பிள்ளையைப் பார்த்து, "நீ காப்பியடித்தாய்" என்று கண்காணிப்பாளர் சொன்னால் எப்படி இருக்கும்? பிறகு மன்னிப்புக் கேட்டாலும் அந்தப் பிள்ளை அதை மறக்குமா?

இதுபோல் பிறகும் நடந்தது. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 புரோ வாங்கியிருந்த பலரிடம், உங்களுக்கு உள்ளது ஹோம் உரிமம்தான் என்று கணினி சொன்னது. 2019 ஜனவரியில் நிறுவனங்களில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் பல, தாங்கள் போலி என்று தாங்களே அறிவித்துக்கொண்டன. இரண்டுமே ஆக்டிவேஷன் சர்வர் பக்கத்துக் கோளாறு. வாங்கியவர் மேல் தவறே இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2008 அக்டோபரில் சீனாவில் போலி எக்ஸ்பி உள்ள கணினிகளில் திரையின் பின்னணி மணிக்கொரு தடவை கறுப்பாக மாறும்படி செய்தார்கள். கோப்புகள் எதற்கும் சேதமில்லை. ஆனாலும் அங்கே பெரிய கொந்தளிப்பு. என் கணினிக்குள் கைவைக்க நீ யார் என்று கேட்டார்கள். காசு கொடுக்காதவர்களின் கேள்விதான். ஆனால் கேள்வி தவறா? என் மேசைமேல் இருக்கும் பெட்டிக்குள் இன்னொருவர் கை எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

இந்தப் பூட்டே வேண்டாம் என்று வேறு வழியில் போனவர்களும் உண்டு. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையோடு ஓர் இயங்குதளம் உருவாக்கப்போவதாக அறிவித்தார். குனூ என்று அதற்குப் பெயர். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுதினார். அடுத்த ஆண்டே அதை ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். அங்கேயும் உரிமம் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த உரிமம், நகலெடுக்காதே என்று சொல்வதில்லை. பெற்ற சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கொடு என்கிறது. நம் பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் இந்த வழியில்தான் கணினிக் கல்வியை நடத்துகின்றன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்ற பெயரில் லினக்ஸ் இயங்குதளம் தயாரித்திருக்கிறது. 2001-இல் நம் நான்கு கணினிகளிலும் லினக்ஸ் போட்டிருக்கலாம். பையன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம். எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984 திருத்தத்தின்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வந்தது. 1994 திருத்தத்தில் 63பி என்ற பிரிவு சேர்ந்தது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காக இல்லாவிட்டால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். விற்கிறவருக்கு மட்டும்தான் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பயன்படுத்துகிறவருக்கும்தான்.

இனி என் மடிக்கணினிக்கு வருகிறேன். ஓர் உதவிக்கு ஒரு பழைய மாணவனைக் கூப்பிட்டேன். இப்போது மென்பொருள் துறையில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் விளக்கினான். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, தயாரிப்பாளர் ஏற்றித் தரும் கணினிகளில் கீயை மதர்போர்டுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்களாம். அதனால்தான் இப்போது பெட்டியின் அடியில் 25 எழுத்து ஸ்டிக்கர் இல்லை. போர்டு போனால் கீயும் அதோடு போகும். 2016-லிருந்து உரிமத்தை நம் இணையக் கணக்கோடு இணைத்துவைக்கும் வசதி இருக்கிறது; இணைத்திருந்தால், பாகம் மாறியபின் அதைக் காட்டி மீட்க முயலலாம். நான் இணைத்துவைக்கவில்லை. தவறு என்னுடையது.

"அந்த ஐந்நூறு ரூபாய் வேலை?" என்று கேட்டேன்.

"பெரிய கம்பெனிங்க தங்களோட கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஆக்டிவேட் பண்ண, உள்ளுக்குள்ளயே ஒரு சர்வர் வெச்சிருப்பாங்க சார். இந்த மாதிரி டூல் அந்த சர்வர் மாதிரியே நடிக்கும். அதுகூட வேற என்னென்ன உள்ள வரும்னு யாருக்கும் தெரியாது. நீங்க அதுல பேங்க் வேலையும் பாக்குறீங்க. வேணாம் சார்."

பேச்சு முடியும் நேரத்தில் நானே கேட்டேன். "தம்பி, 2001-இல் போர்டில் நம்பர் எழுதினேனே, ஞாபகம் இருக்கா? எழுந்து கேட்டது நீதானே?"

சிரித்தான். "நல்லா ஞாபகம் இருக்கு சார். அப்புறம் காலேஜ்ல நாங்க எல்லாமே காப்பி போட்ட சிடிதான். யாராவது கேட்டா, எங்க சாரே பரவாயில்லனு சொல்லிட்டாருன்னு சொல்லுவேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். கணக்குப் பாடம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நான் பாடமாக நினைக்காமல் சொன்ன ஒரு 'பரவாயில்ல' அவனுக்கு நினைவிருக்கிறது.

இந்த வரலாறு முழுவதையும் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். செய்தவர் வாங்குகிறவரை நம்பவில்லை. வாங்குகிறவர் நம்பும்படி நடக்கவும் இல்லை. 7-ஆல் வகுபடும் கொக்கியை நாம் மதித்திருந்தால், பத்து மச்சம் குறிக்கும் பூட்டு வந்திருக்காது என்று சொல்ல முடியாது. வியாபாரத்துக்கு வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் மாட்டிக்கொண்டு நின்றவர் நேர்மையாகக் காசு கொடுத்தவர்தான். அவருடைய சிரமத்தில் என் கரும்பலகைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

கடைக்காரத் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ். தமிழ்த் தட்டச்சு நன்றாக இருக்கிறது. அச்சுப்பொறியோடு மட்டும் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். இந்தப் பதிவும் அதில்தான் எழுதுகிறேன்.

உறவுகளில் புதுக் கணினி வாங்கப்போகிறவர்களுக்கு நான்கு வார்த்தை:

1. இயங்குதள உரிமம் சேர்ந்த விலையா என்று கேளுங்கள். பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள்.

2. கணினியோடு வரும் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான். தனியாகக் கடையில் வாங்கும் சில்லறை உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றலாம். இரண்டும் ஒன்றல்ல.

3. முதல் நாளே உரிமத்தை உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள். மதர்போர்டு மாற்றும் முன் இதைப் பற்றிக் கேளுங்கள், மாற்றிய பின் அல்ல.

4. வாங்க முடியாவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. இலவசம் என்பதால் மட்டமானது அல்ல.

2001-இல் அந்த அறையில் இருந்த பிள்ளைகளே, அன்று சொன்னதை இன்று திருத்திச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்காக இருந்தாலும் பரவாயில்லை இல்லை. கேள்வி கேட்டவனை உட்காரச் சொன்னதும் தவறு. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நீதான் சரி.

உங்களில் அந்த நான்கு கணினிகளை நினைவில் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். நீல உறையைத் தைத்துக் கொடுத்தது யார் வீட்டு அம்மா என்பது எனக்கு மறந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்